கீழே போடத் தெரிந்தவன்

போடமாட்டாள். எனக்குத் தெரியும், மோனி போடமாட்டாள். இப்போதுதானே பார்த்தோம், இரண்டாவது தடவை பளுக் கம்பி தலைக்கு மேல் போய் ஆடி முன்பக்கம் சரிந்தது, கோச் ரெஜினா மேடம் “விடு, விட்டுடு, விடுடி” என்று தொண்டை கிழியக் கத்தினார், இவள் விட்டாளா, கம்பியோடு கம்பியாகச் சரிந்து அதைத் தொடையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள், இடது மணிக்கட்டு போகக் கூடாத பக்கம் போய் வந்தது. சிவப்பு விளக்கு மூன்றும் எரிந்தாச்சு. தூக்கினது செல்லாது என்று மைக்கில் சொல்லியாச்சு. இன்னும் இவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடப் போகிற மாதிரி. எதுக்குடி. யாருக்குடி வேணும் அது. இப்போது மணிக்கட்டில் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மேடம் குனிந்து காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், இவள் தலையை ஆட்டுகிறாள், என் தங்கச்சியின் இந்தத் தலையாட்டலை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அம்மா சொன்னாலும் அப்படித்தான், டீச்சர் சொன்னாலும் அப்படித்தான், ஆட்டிவிட்டு அவள் நினைத்ததைத்தான் செய்வாள். இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கி. அதே எடை. அவளைவிடக் கனம். தூக்கிவிட்டால் இரண்டாவது இடம், விளையாட்டு விடுதியில் சீட்டு, முட்டை, பால், கறி, தனிக் கட்டில். தூக்காவிட்டால் வீடு. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் கவலையில்லை. பொய். கவலைதான். ஆனால் அது அப்புறம். இந்தத் தடவை கம்பி முன்னால் சரியாமல் பின்னால் போனால்? பின்னால் போகிற கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் முழங்கை கழன்றுவிடும், மேடம் செல்போனில் ஒரு பையனைக் காட்டினார், அது கை மாதிரியே இல்லை, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கியது. அன்றையிலிருந்து சோறு பிசையும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

என் வலது கை நிறைய நைனாவின் சட்டை. முதுகுப் பக்கம், இடுப்புக்கு மேலே ஒரு கொத்தாகப் பிடித்திருக்கிறேன், வேர்வையில் சொதசொதவென்று இருக்கிறது. கல்யாணத்துக்குப் போடுகிற கிளிப்பச்சைச் சட்டை. இதே மண்டபத்தில் இதே சட்டையோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், அப்போதெல்லாம் யாரும் அவரை இப்படிப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. மேடம் காலையில் வாசலிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தினா, நீ மோனிக்கு ஒண்ணும் செய்ய வேணாம். தண்ணி குடுக்க வேணாம், தைரியம் சொல்ல வேணாம். உங்கப்பாவப் புடிச்சுக்கோ, அது போதும். எழுந்தாருன்னா சட்டையப் புடி.” “கிழிஞ்சிடுச்சுன்னா?” “வேட்டியப் புடி.” “அது அவுந்துட்டா மேடம்?” “அவுந்தா அவரே உக்காந்துடுவாரு.” சிரிக்காமல்தான் சொன்னார். ஆரணியில் நடந்தது அப்படி. போன மாசம் ஆரணியில் போட்டி, மோனி கம்பியைத் தோளில் வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது முட்டி கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான், முட்டி ஆடாமல் யார் எழுந்திருப்பார்கள், நைனா நாற்காலிகளைத் தாண்டிக் குதித்து ஓடிப் பளு தூக்குகிற பலகைமேல் ஏறிக் கம்பிக்கு அடியில் கையைக் கொடுத்துவிட்டார். வேறு ஆள் கை பட்டால் தூக்கினது செல்லாது. நடுவர் “யாருய்யா நீ” என்றார். “புடிச்சிட்டேன் சார், ஒண்ணியும் ஆவல” என்றார் நைனா, சந்தோஷமாக. அவர்கள் நன்றி சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிறது. இன்னொரு தடவை இந்த ஆள் உள்ளே வந்தால் பெண்ணைப் போட்டியிலிருந்தே அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் விட்டார்கள். அதனால்தான் சட்டை. அதனால்தான் நான்.

நைனாவைத் திட்டவும் முடியாது. அவர் யோசித்தா ஓடுகிறார். மண்டியில் அரிசி மூட்டை இறக்குகிறவர், லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் போட்டிருக்கிற பலகைமேல் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நடக்கிறவர். அங்கே ஒருத்தனுக்கு முட்டி ஆடினால் பக்கத்தில் இருக்கிறவன் கையில் டீ இருந்தாலும் சரி பீடி இருந்தாலும் சரி, வீசிவிட்டு ஓடிப்போய்க் கை கொடுக்கணும். கூப்பிடட்டும் என்று நிற்கக் கூடாது. கை வரும். சுமக்கிறவனும் அதை நம்பித்தான் நிற்பான், எவ்வளவு ஆடினாலும் கை வருகிற வரைக்கும் தாக்குப்பிடிப்பான். நடுவில் போட்டுவிட்டால் அன்றைக்குப் பூராவும் மூட்டையைத் தொடவிடமாட்டார்கள், துடைப்பத்தைக் கையில் கொடுத்து சிந்தினதைப் பெருக்கச் சொல்வார்கள். தோள் இந்த அகலம் இருக்கிற ஆம்பளைகள் எல்லாம் அந்தத் துடைப்பத்துக்குப் பயப்படுவார்கள். கன்னியப்பன் பயந்தார். நைனாவோடு ஜோடியாகச் சுமந்தவர். மழை நாள், பலகை வழுக்கி முதுகில் மூட்டையோடு ஆடினார், நைனா லாரிக்கு அந்தப் பக்கம் இருந்தார், சுற்றி ஓடி வருவதற்குள் கன்னியப்பன் மூட்டையோடு கீழே. மூட்டையை விட்டிருந்தால் ஒரு சிராய்ப்பு. விடவில்லை. இப்போது இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் அவருக்குத் தெரியாது. எனக்கு எரிகிறது என்னவென்றால், மண்டியில் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். “கடைசி வரிக்கும் மூட்டைய வுடலடா கன்னியப்பன்!” ஒரு மணி அரிசி சிந்தவில்லையாம். அந்த அரிசியை யாரோ வாங்கி யாரோ பொங்கித் தின்று அன்றைக்கே செரித்துப் போயிருக்கும். அவர் இன்னும் படுத்திருக்கிறார். நைனா மட்டும் அந்தக் கதையைச் சொல்லமாட்டார், யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் பீடி பற்றவைப்பார். ஆனால் மோனி கேட்டிருக்கிறாள். நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிற வயசிலிருந்து, மூட்டை அடுக்குமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு கேட்டிருக்கிறாள்.

அந்தப் பிள்ளையிடம் போய் மேடம் முதல் நாளே சொன்னார், “மொதல்ல போடக் கத்துக்கோ. தூக்குறத அப்புறம் பாத்துக்கலாம்.” அவர் பயிற்சி கொடுக்கிற ஷெட்டில், வெறும் கம்பி, எடைத் தட்டுகூட மாட்டவில்லை. பின்னால் போனால் விரலைத் திற, முன்னால் குதி. முன்னால் வந்தால் தள்ளிவிடு, பின்னால் போ. இதில் என்ன இருக்கிறது, மற்ற பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய் டமால் டமால் என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். இவள் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி குனிந்து மெதுவாகக் கீழே வைத்தாள். “வைக்காதடி, போடு!” “தரை ஒடஞ்சிடும் மேடம்.” “அது என் தரைடி, நீ போடு!” நைனா மண்டியிலிருந்து அப்படியே வந்து கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தலையெல்லாம் உமி. “இன்னா மேடம் இது, போடறதுக்கு ஒரு பாடமா?” என்று சிரித்தார். “ஆமாங்க, மொதல் பாடமே அதான். உங்க பொண்ணு அதுலயே ஃபெயில்.” அதைக் கேட்டு நைனா முகம் வாடவில்லை. பூரித்துப்போனது. அதைத்தான் சொல்லவந்தேன். என் மார்க் ஷீட்டைப் பார்த்து ஒருநாளும் அப்படிப் பூரித்ததில்லை, அதில் நிஜமாகவே ஃபெயில் இருந்தது, அது வேறு. அதற்கப்புறம் ஷெட்டில் அவள் முட்டி ஆடினபோதெல்லாம் கேட்டைத் தாண்டி ஓடிவந்து கம்பிக்குக் கை கொடுத்தவரும் அவர்தான். “டேய், இது அந்த மண்டிக்காரர் பொண்ணுதான?” இங்கே எங்களுக்குப் பின்வரிசையில் இரண்டு பையன்கள், போட்டி முடிந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறார்கள். “ஆமாண்டா, ஆரணில அப்பனும் பொண்ணும் சேந்து தூக்குனாங்களே.” “இன்னிக்கு இன்னும் ஏறலயே அப்பன்.” “இரு, ஹீரோ கடைசிலதான் வருவாரு.” எழுந்து ஒன்று வைக்கலாம். வைக்கணும் என்றால் சட்டையை விடணும். பிடித்துக்கொண்டே கழுத்தை மட்டும் திருப்பி முறைத்தேன், கழுத்து வலித்தது, அவன்கள் வாழைப்பழத்தோலை எனக்குக் காட்டினான்கள். நைனா காதில் அது விழவில்லை. அவர் காதில் இப்போது எதுவும் விழாது. மோனி மூச்சு இழுத்தால் இவரும் இழுக்கிறார், அவள் விட்டால் இவரும் விடுகிறார், சட்டை என் கைக்குள் உப்பி உப்பி அடங்குகிறது. பீடி நாற்றம், வலித்தைலம், அப்புறம் இந்த மண்டபத்துச் சுவரிலேயே ஊறிப்போன ரச வாசனை. மேடையில் நேற்றைய கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளை இன்னும் எடுக்கவில்லை, மாப்பிள்ளை பேர் முழுசாக இருக்கிறது, பொண்ணு பேர் பாதி உதிர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் சிவப்பு ராஜா நாற்காலியில் போட்டி நடத்துகிறவர் ஒருத்தர் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வரணும். வரமாட்டேன் என்கிறது.

எங்கள் வீட்டில் கீழே போடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொல்கிறேன். ப்ளஸ் டூ அரைப்பரீட்சை முடிந்ததும் பையைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன், அது இன்னும் அங்கேயே தொங்குகிறது, பல்லி குடியிருக்கிறது. புரியவில்லை, பிடிக்கவும் இல்லை, அப்புறம் எதற்கு உட்காரணும். “இன்னும் கொஞ்ச நாளுடா, தாக்குப்புடிச்சிடு” என்றார் நைனா. எதற்கு என்று கேட்டேன். தாக்குப்பிடிக்கிறது எதற்கு என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை போல. பிறகு மண்டிக்கு இட்டுக்கொண்டு போனார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பலகை நடுவில் போய்க்கொண்டிருக்கிறேன், கழுத்தில் சுர்ரென்று ஒரு நரம்பு இழுத்தது, போட்டுவிட்டேன். ஆடக்கூட இல்லை, யார் கைக்கும் நிற்கவில்லை, அப்படியே தோளைச் சாய்த்தேன். தையல் பிரிந்து அரிசி சோவென்று கொட்டிய சத்தம் நன்றாகத்தான் இருந்தது. துடைப்பம் கொடுத்தார்கள், பெருக்கினேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. கழுத்து இருக்கிறது, கை இருக்கிறது, அந்தக் கையால் இப்போது ரஃபீக் பாய் கடையில் லாரி டயர் கழற்றுகிறேன், கழற்றின டயரை எங்கே வேண்டுமானாலும் போடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நைனா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் டீகூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மோனி வாய் நிறைய நுரையோடு கேட்டாள், “நீ மூட்டையப் போட்டப்போ நைனா மூஞ்சியப் பாத்தியா?” “இல்லியே.” “நான் பாத்தேன். அங்கதான் இருந்தேன்.” “எப்டி இருந்துச்சு?” துப்பிவிட்டுப் போய்விட்டாள். எப்படி இருந்திருக்கும்? அப்படி என்ன மூஞ்சி அது? கண்ணாடி முன்னால் நின்று நைனா மாதிரி நானே வைத்துவைத்துப் பார்த்திருக்கிறேன், வரவில்லை. இதோ இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் பார்த்தால் தெரியும், பார்க்கவும் பிடிக்கவில்லை. தாடை மட்டும் கண் ஓரத்தில் தெரிகிறது, அசைபோடுகிற மாதிரி, வாயில் ஒன்றும் இல்லை.

“மோனிஷா தசரதன்” என்றது மைக். நைனா பாதி எழுந்துவிட்டார். அவர் பேராச்சே, மண்டியில் பேரைக் கூப்பிட்டால் எழுந்துபோய் முதுகைக் காட்டணும், அந்தப் பழக்கம். இழுத்தேன். “உன்ன இல்ல நைனா. உக்காரு.” “தெரியுண்டா” என்றார், உட்கார்ந்தார், தெரியவில்லை அவருக்கு. கடிகாரம் ஒரு நிமிஷத்திலிருந்து குறைய ஆரம்பித்தது. மோனி உள்ளங்கையில் வெள்ளைப் பவுடரைத் தேய்த்துத் தட்டினாள், புகை மாதிரி எழும்பி ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றது. பலகை ஏறினாள். சின்னக் கால். எங்கள் வீட்டுக் குடத்தைவிடக் கொஞ்சம் உயரம், நான் அப்படித்தான் கிண்டல் செய்வேன், இனிமேல் செய்யமாட்டேன், சாமி சத்தியமாகச் செய்யமாட்டேன், கம்பி தவறினால் போட்டுவிடு மோனி. எதிர்ச்சுவரில் ஒரு இடத்தைப் பார், அங்கேயே பார், ஆளைப் பார்க்காதே என்று மேடம் சொல்லியிருக்கிறார், பார்க்கிறாள், எங்கள் தலைக்கு மேலே எதையோ. குனிந்தாள். பிடித்தாள். இழுத்தாள், கம்பி தோளுக்கு வந்து உட்கார்ந்தது, இவள் அதற்கு அடியில் உட்கார்ந்தாள், எழு, எழு, முட்டி ஆடுகிறது, சட்டை என் விரலிலிருந்து பிதுங்குகிறது, நைனா உடம்பு முழுக்க முன்னால் போய்விட்டது, நான் இன்னொரு கையையும் போட்டேன், “நைனா, சொன்னா கேளு”, எழுந்துவிட்டாள். தொண்டைமேல் கம்பி. ஒரு மூச்சு. நைனாவும் ஒரு மூச்சு. முட்டியை மடித்துத் தள்ளினாள், ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால் படாரென்று விரிந்தது, கம்பி மேலே. மேலே! நிற்கிறது. இரண்டு காலையும் சேர்த்து அசையாமல் நிற்கணும், நடுவர் பஸ்ஸர் அடிக்கிற வரைக்கும் நிற்கணும், அப்புறம் போடலாம். முன்கால் வந்தது. பின்கால் வருகிறது. வரவில்லை. கம்பி பின்னால் நகர்கிறது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தோள் திறந்துகொண்டே போகிறது. “விடு மோனி! விரலத் தொற!” மேடம். டேப் சுற்றின கை நடுங்குகிறது, முழங்கை உள்பக்கம் வெளியே திரும்புகிறது, நான் அதை செல்போனில் பார்த்திருக்கிறேன், அது இப்படித்தான் ஆரம்பிக்கும். சுவரில் இருந்த கண் கீழே இறங்கியது. மேடத்தைப் பார்க்கவில்லை. நடுவரைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தாள். நேராக, வேறு யாரும் இந்த மண்டபத்திலேயே இல்லாத மாதிரி. எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் ஒரு முட்டாள், மேடமும் முட்டாள், இவள் திமிரில் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, பெருமைக்கும் இல்லை, இவள் கைக்கு நிற்கிறாள். கை வரும் என்று நிற்கிறாள். ஷெட்டில் வந்தது, ஆரணியில் வந்தது, இங்கேயும் வரும், அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கணும். அந்தக் கையை நான் இங்கே இரண்டு கையாலும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் பிடித்திருக்கிற வரைக்கும் இவள் போடமாட்டாள்.

விரலைத் திறந்தேன்.

நைனா போனார். நாற்காலி விழுந்தது, பின்னால் ஒருத்தன் “ஏறிட்டாருடா” என்றான், மேடம் திரும்பி “தினா!” என்று அலறினார், எல்லாம் ஒன்றாகக் கேட்டது. பலகையின் விளிம்பு வரைக்கும் ஓடினார். கால் கட்டை விரல் இரண்டும் விளிம்பில். அங்கே நின்றார். ஏறவில்லை. ஏறாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் கசக்கின சட்டைமேலேயே, யாரோ கயிறு போட்டுக் கட்டின மாதிரி. “நான் வரலமா” என்றார். சத்தமாகக்கூட இல்லை. “கை வராது. போட்டுடு.” மூஞ்சி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, இந்தத் தடவையும் மோனிதான் பார்த்தாள். விரல் திறந்தது. முன்னால் குதித்தாள். கம்பி அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது, மண்டபமே ஒரு தடவை குதித்தது, மேடையில் தெர்மாகோல் எழுத்து இன்னொன்று உதிர்ந்தது, ராஜா நாற்காலிக்காரர் கண்ணைத் திறந்தார். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. பஸ்ஸர் அடிக்கவே இல்லை. மோனி வெறும் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள், டேப் சுற்றின கையை மடக்கினாள், நீட்டினாள், இன்னொரு தடவை மடக்கினாள். மடங்கியது. நைனா பின்னால் கட்டின கையை இன்னும் எடுக்கவில்லை. அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள், மூக்கு ஒழுக, வெள்ளைப் பவுடர் கையால் என் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளினாள். “ஏன்டா அவர வுட்ட? இன்னும் கொஞ்சம்டா. நின்னுருப்பேன்டா.” நின்றிருப்பாளோ என்னவோ. எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதற்குள் மேடம் வந்துவிட்டார், மோனியின் முழங்கையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “உனக்கு ஒரே ஒரு வேலதான குடுத்தேன்?”

ஆமாம். நைனாவைப் பிடித்துக்கொள் என்றுதான் சொன்னார். நான் விட்டுவிட்டேன்.